வீட்டுக் கணினிக்கு வெளியூரிலிருந்து வழி



தோட்டத்தில் வீடு, பட்டணத்தில் பிழைப்பு என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே மிகப் பல. 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வளாகம் தொடங்கிய நாள் முதலாகவே, செபராங் பிறைத் தோட்டங்களின் பிள்ளைகள் கடல் தாண்டித் தீவுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். முதலில் படகேறிப் போனார்கள். 1985-இல் பாலம் திறந்த பிறகு தொழிற்சாலை பஸ் ஏறிப் போனார்கள். இன்று பலர் ஜார்ஜ் டவுனில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறார்கள். சிங்கப்பூருக்குப் போனவர்களோ மாதம் ஒருமுறைதான் வருகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். வீடு நிபோங் திபால் பக்கம். தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு ஜார்ஜ் டவுனில் வேலை. தம்பி இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். வீட்டுக் கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. தகப்பனாரின் பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, தாயாரின் மருத்துவச் சீட்டுகள், கோயில் சங்கத்தின் வரவு செலவு எல்லாவற்றையும் மகள் படமெடுத்து அந்தக் கணினியில் அடுக்கி வைத்திருக்கிறாள். ஒரு நாள் அரசாங்க அலுவலகத்தில் அவளிடம் ஒரு பத்திரத்தின் நகலைக் கேட்கிறார்கள். மாலை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். பத்திரம் வீட்டில். அவளோ தீவில். வீட்டுக் கணினியை இருந்த இடத்திலிருந்தே திறந்து பார்க்க முடியாதா?

முடியும். ஆனால் சொல்லிக்கொடுத்தபடியே செய்தும் வழி திறக்காமல் தவிப்பவர்கள் ஏராளம். வழி ஏன் திறப்பதில்லை, கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டத்துக்குத் தபால் வந்த முறையை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி ஏது? சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ கடிதம் போடுகிறவர் தோட்டத்தின் பெயரைத்தான் எழுதுவார். எல்லாக் கடிதமும் ஆபீசுக்கு வந்து சேரும். கிராணியார் பையைப் பிரித்து, பெயரைப் பார்த்து, இது மூன்றாம் லயத்துக்கு, இது மேட்டு லயத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பார். வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஆபீசின் முகவரி ஒன்றுதான். உள்ளே எத்தனை லயம், எத்தனை வீடு என்பதெல்லாம் கிராணியாருக்கு மட்டுமே தெரியும்.

வீட்டில் இணையத்துக்காக வைத்திருக்கிறோமே, விளக்கு மினுக்கும் பெட்டி, ரௌட்டர், அதுதான் இந்தக் கிராணியார். இணையத்தில் உங்கள் வீட்டுக்கென்று இருப்பது ஒரே முகவரி. அது ரௌட்டரின் முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் ரௌட்டரே உள்முகவரி கொடுக்கிறது. அவை பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதே எண் அடுத்த வீட்டிலும் இருக்கும், கோலாலம்பூரிலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். மூன்றாம் லயம் எல்லாத் தோட்டத்திலும் உண்டல்லவா? அதைப் போல. வெளியுலகத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நீங்கள் கணினியிலிருந்து ஒரு செய்தித்தாளைத் திறந்து படிக்கிறீர்கள் என்றால், கேட்கும் கடிதம் வீட்டிலிருந்து வெளியே போகிறது. போகும்போதே கிராணியார் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்: இன்ன வீட்டார் இன்ன இடத்துக்கு எழுதியிருக்கிறார்கள், பதில் வந்தால் அவர்களிடம் சேர்க்க வேண்டும். ஆகவே பதில் ஒழுங்காக வந்து சேருகிறது. ஆனால் யாரும் எழுதிக் கேட்காமல் வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால்? குறிப்பேட்டில் பதிவில்லை; யாருக்கென்று தெரியவில்லை. கிராணியார் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார். ஜார்ஜ் டவுனிலிருந்து மகள் தட்டும் தட்டு இப்படித்தான் வாசலிலேயே வீணாகிறது.

இதற்கு என்ன செய்வது? கிராணியாரிடம் முன்கூட்டியே ஒரு நிரந்தர உத்தரவு கொடுத்து வைக்க வேண்டும். 'ஐயா, இன்ன கதவு எண் போட்டு வரும் கடிதத்தையெல்லாம் கேட்காமலேயே இன்ன வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்' என்று. இந்த உத்தரவைத்தான் ஆங்கிலத்தில் போர்ட் பார்வர்டிங் என்கிறார்கள். போர்ட் என்றால் துறை. வானொலியில் கேட்கும்போது தோட்டத்துத் துரை என்று காதில் விழக்கூடும். இது வல்லின றகரம் போட்ட துறை, கப்பல் வந்து நிற்கும் துறை. பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெல்ட் கீயில் சீனக் குலத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை இருக்கிறது. சியூ குலத்துக்கு ஒன்று, லிம் குலத்துக்கு ஒன்று, டான் குலத்துக்கு ஒன்று. கரை ஒன்றுதான், எந்தத் துறையில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து யார் வீட்டுக்குப் போகிறோம் என்பது அமைகிறது. கணினி முகவரிக்கும் அப்படி 65,535 துறைகள் உண்டு. கலிடோனியா தோட்டத்துப் பழைய மாளிகைக்கு 99 கதவு மாளிகை என்று பெயர். அதைப் பார்த்தே நாம் வியந்தோம்.

துறை எண்களுள் சிலவற்றுக்கு வழக்கமான வேலை உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, 443. விண்டோஸ் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான வழிக்கு 22. பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைக் கண்டு, அங்கிருந்த டாட்டு யுலோனன் என்பவர் 1995-இல் எழுதியது இந்த எஸ்.எஸ்.எச்.

சரி, உத்தரவு கொடுத்தாயிற்று. ஆனாலும் வழி திறக்கவில்லை. இனி என்ன?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் வீட்டுக் குழாயைத் திருகிப் பார்க்கிறோம். பிறகு அடுத்த வீட்டில் வருகிறதா என்று கேட்கிறோம். அதன் பிறகுதான் மேட்டுத் தொட்டிக்குப் போகிறோம். இங்கும் அதே ஒழுங்குதான். உள்ளிருந்து வெளியே போக வேண்டும். பலர் எடுத்த எடுப்பிலேயே ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து கண்டபடி மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்றைக் கெடுத்துவிட்டால் பிறகு எது கோளாறு என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதற்கேள்வி: கணினியில் வரவேற்க ஆள் இருக்கிறாரா? வெளியிலிருந்து வருபவருக்குப் பதில் சொல்லும் நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸில் ஹோம் என்னும் வகை இருக்கிறதே, கடைகளில் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் அதுதான் இருக்கும். அதில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வரவேற்கும் வேலை கிடையாது. அதைத் தெரியாமல் நாள் முழுதும் ரௌட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. எஸ்.எஸ்.எச். அப்படியல்ல, ஹோம் வகையிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைச் சோதிக்க வெளியே போக வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே, அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கருவியிலிருந்து, கணினியின் உள்முகவரியைப் போட்டுத் தட்டிப் பாருங்கள். உள்ளிருந்தே திறக்காவிட்டால் வெளியிலிருந்து எப்படித் திறக்கும்? உள்ளே திறந்தால் பாதி வேலை முடிந்தது. கோளாறு கணினிக்கு அப்பால்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கணினிக்கென்று ஒரு காவல்காரன் இருக்கிறான், பயர்வால் என்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து வருபவரை மட்டும் விடு, வெளியாரைத் தடு என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தால், உள்சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், வெளியிலிருந்து வந்தால் மட்டும் தடைபடும். இது ஆளை ஏமாற்றும் கோளாறு. விண்டோஸில் வீட்டு வலையமைப்பை 'பொது' என்று குறித்து வைத்திருந்தாலும் காவல் கடுமையாகும். அதை 'தனி' என்று மாற்ற வேண்டும். எரிச்சலில் காவல்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிடுவது, அதாவது பயர்வாலை முழுதாக அணைத்துவிடுவது, கூடவே கூடாது. தேவையான ஒரு கதவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

அடுத்தது, வீடு மாறிப்போவது. ரௌட்டர் கொடுக்கும் உள்முகவரி நிலையானதன்று. இன்று கணினி 192.168.1.7 என்றிருக்கும். மின்சாரம் போய்வந்தால் 1.12 ஆகிவிடலாம். கிராணியாரோ பழைய உத்தரவுப்படி ஏழாம் வீட்டிலேயே கடிதத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். நேற்று வரை வேலை செய்தது, இன்று செய்யவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் பிற்பகல் இடி மின்னலுக்குப் பயந்து பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி வைப்பவர்கள் பலர். அது நல்ல பழக்கந்தான். மறுபடி செருகும்போது முகவரி மாறக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ரௌட்டரின் பக்கத்திலேயே 'இந்தக் கணினிக்கு எப்போதும் இதே எண்' என்று ஒதுக்கிவைக்க இடமுண்டு. அதைச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பிறகு உத்தரவையே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வெளித்துறை எண், உள்துறை எண், உள்முகவரி மூன்றும் சரியா? டி.சி.பி., யூ.டி.பி. என்று இரண்டு வகைப் போக்குவரத்து உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் செல்லாது. பெட்டியில் எழுதிய பின் சேமிக்கும் பொத்தானை அழுத்த மறந்தவர்களும் உண்டு. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சோதிக்கும் முறையில் ஒரு தவறு நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்துகொண்டே, வீட்டின் வெளிமுகவரியைப் போட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். திறக்கவில்லை, உடனே எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தோட்டத்துக்குள் இருக்கும் ஒருவர் அடுத்த லயத்துக்காரருக்குத் தபாலாபீஸ் வழியாகக் கடிதம் போட்டால், சில கிராணியார் அதைத் திருப்பி உள்ளே கொடுப்பார், சிலர் குழம்பிப்போவார். ரௌட்டர்களும் அப்படியே. சிலவற்றுக்கு இந்தத் திருப்பம் தெரியாது. ஆகவே கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் சொந்த இணையத்திலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். அதுவே உண்மையான சோதனை.

அப்படித் தட்டும்போது என்ன பதில் வருகிறது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். உடனே 'மறுக்கப்பட்டது' என்று வந்தால், கடிதம் ஏதோ ஓர் இடத்தை அடைந்திருக்கிறது, அங்கே கதவைத் திறக்க ஆளில்லை என்று பொருள். கணினியில் நிரல் ஓடுகிறதா, எண் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். அரை நிமிடம் காத்திருந்து 'நேரம் கடந்துவிட்டது' என்று வந்தால், கடிதம் வழியிலேயே காணாமற் போய்விட்டது. ஏதோ ஒரு காவல் அதை ஓசையில்லாமல் விழுங்கியிருக்கிறது, அல்லது அது வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. கணினி உறங்கிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் தோன்றும்; கணினி தானாகத் தூங்கப் போகாதபடி அமைப்பில் மாற்றி வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சேரவே இல்லை என்றோம். இதுதான் இன்றைய நாளில் தோட்டப்புறத்து வீடுகளுக்கு வரும் பெரிய தடை. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இணைய முகவரிகளை வகுத்தபோது மொத்தம் 429 கோடியே சொச்சம் எண்கள்தாம் அமைந்தன. போதும் என்றே நினைத்தார்கள். போதவில்லை. ஒரு முகவரியைப் பலர் பங்கிடும் இந்தக் கிராணியார் முறை 1994-இல் ஏட்டில் எழுதப்பட்டது; 192.168 போன்ற உள்முகவரிகளும் அதே ஆண்டில் ஒதுக்கப்பட்டன. அப்படியும் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் உலகப் பொதுக் கையிருப்பு முழுதும் பங்கிட்டுத் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாளிலிருந்து ஆசிய பசிபிக் வட்டாரத்தில் புது முகவரிகளைப் படியளந்துதான் கொடுக்கிறார்கள். யூனிபை இணைப்பு நம் நாட்டில் தொடங்கியது 2010-இல். நாம் கண்ணாடியிழைக் கம்பியில் ஏறிய நேரத்தில் முகவரிக் களஞ்சியம் காலியாகிக்கொண்டிருந்தது.

முகவரி இல்லாத இணைய நிறுவனங்கள் என்ன செய்தன? நமக்கு மேலே இன்னொரு பெரிய கிராணியாரை உட்கார வைத்தன. நம் தோட்டத்துக்கே இப்போது சொந்த முகவரி இல்லை. பல தோட்டங்களுக்கும் சேர்த்துப் பட்டணத்தில் ஒரே ஆபீஸ். வெளியுலகத்துக்கு அந்த ஆபீசின் முகவரிதான் தெரியும். நீங்கள் வீட்டுக் கிராணியாரிடம் எத்தனை உத்தரவு எழுதிக் கொடுத்தாலும் என்ன பயன்? கடிதம் பட்டணத்து ஆபீசிலேயே கிழிக்கப்படுகிறது. அங்கே உத்தரவு கொடுக்க நமக்கு அதிகாரமில்லை.

கண்ணாடியிழைக் கம்பி எட்டாத தோட்டங்களில் கைப்பேசி அட்டையைப் போட்டு ஓடும் பெட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். அத்தகைய இணைப்புகளில் பெரும்பாலும் இந்தப் பெரிய கிராணியார் இருப்பார். கம்பி வழி இணைப்பிலும் சில நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன.

நம் வீட்டுக்கு மேலே பெரிய கிராணியார் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது எளிது. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, அதன் வெளிமுகவரி என்னவென்று பாருங்கள். பக்கத்துக்குப் போகும் எண்ணும் நுழைவுச் சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். பிறகு கணினியில் 'என் ஐபி முகவரி என்ன' என்று தேடினால் வெளியுலகம் பார்க்கும் முகவரி தெரியும். இரண்டும் ஒன்றானால் நல்லது. இரண்டும் வேறானால் இடையில் யாரோ இருக்கிறார்கள். அதிலும், ரௌட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் ஐயமே வேண்டாம். பெரிய கிராணியாருக்கென்றே 2012-இல் ஒதுக்கிய எண்கள் அவை.

மகள் தொலைபேசியில் தகப்பனாருக்குச் சொல்லிச் செய்ய வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பா, முதல்ல எந்த எண் தெரியுது?"

"நூறு, புள்ளி, எழுபத்தி ரெண்டுன்னு போட்டிருக்கும்மா."

"அப்படின்னா அந்தப் பெட்டியில நீங்க ஒண்ணும் மாத்த வேணாம்ப்பா. மூடிடுங்க."

இரண்டு நிமிடப் பேச்சு. மூன்று நாள் அலைச்சலை இது மிச்சப்படுத்தும். நம்மைக் கேட்டால், வேறு எதையும் தொடுவதற்கு முன்பே இந்த ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ரௌட்டர் காட்டுவது 192.168 என்றே தொடங்கினால் அது வேறு கதை. வீட்டிலேயே இரண்டு பெட்டி இருக்கும். நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, வைஃபை நன்றாக எட்டவேண்டுமென்று நாம் வாங்கி மாட்டியது ஒன்று. கிராணிக்குக் கீழே ஒரு துணைக் கிராணி. உத்தரவை இருவரிடமும் கொடுக்க வேண்டும். அல்லது இரண்டாவது பெட்டியை வெறும் வைஃபை பரப்பும் வேலைக்கு மாற்றிவிட வேண்டும்.

பெரிய கிராணியார் இருந்தால் மூன்று வழி உண்டு. நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பொது முகவரி கேட்கலாம். மலாயில் 'அலாமாட் ஐபி ஆவாம்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சில நிறுவனங்கள் கொடுக்கும், சில கட்டணம் கேட்கும், சில இல்லை என்றுவிடும். இரண்டாவது, ஐபி ஆறாம் பதிப்பு என்னும் புது முகவரி முறை. அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை; லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது. கிராணியாரின் பிரித்துக் கொடுக்கும் வேலையே அங்கு இல்லை. காவலில் மட்டும் வழி திறந்தால் போதும். ஆனால் நீங்கள் இருக்கும் இடம், வீடு இரண்டிலும் அந்த முறை இருக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் நம் குடும்பங்களுக்கு ஏற்றது. உள்ளிருந்து வெளியே போகும் கடிதத்தை எந்தக் கிராணியாரும் தடுப்பதில்லை அல்லவா? ஆகவே வீட்டுக் கணினியும் மகளின் மடிக்கணினியும் இரண்டுமே வெளியே இருக்கும் ஒரு நடுவருக்குக் கடிதம் போடட்டும். நடுவர் இருவரையும் சேர்த்து வைப்பார். டெயில்ஸ்கேல், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை இந்த முறையில் வேலை செய்கின்றன. ரௌட்டரில் ஒரு கதவும் திறக்க வேண்டியதில்லை. முகவரி மாறினாலும் கவலையில்லை.

கவலையில்லை என்று சொன்னது எதற்கென்றால், பொது முகவரி உள்ளவர்களுக்கும் அது நிலையானதன்று. பெட்டியை அணைத்துப் போட்டால் மாறக்கூடும். மகள் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருப்பாள். அது இப்போது வேறு யாருடைய வீடாகவோ இருக்கும். மாறும் முகவரியோடு ஒரு நிலையான பெயரைக் கட்டிவைக்கும் சேவைகள் உண்டு. பல ரௌட்டர்களிலேயே டி.டி.என்.எஸ். என்று அதற்கோர் இடமிருக்கும்.

இனி, நேயர்களே, கதவைத் திறப்பதில் உள்ள ஆபத்து. வழி திறக்கவில்லையே என்று வருந்துபவர்கள், திறந்தால் யார் யார் வருவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். இணையத்திலுள்ள முகவரிகளையெல்லாம் இரவும் பகலும் ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் உலகெங்கும் இருக்கின்றன. 3389-ஆம் கதவைத் திறந்து வைத்தால், உங்கள் மகள் வருவதற்கு முன்பே அவை வந்துவிடும். கடவுச்சொல் எளிதாயிருந்தால் உள்ளேயும் வந்துவிடும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கொடிய நிரல் 445-ஆம் துறை வழியாகக் கணினிக்குக் கணினி தாவி, ஏறத்தாழ 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. 2019 மே மாதத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. கைவிட்டு ஆண்டுகள் ஆன விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட அன்று மைக்ரோசாப்ட் மருந்து அனுப்ப நேர்ந்தது என்றால் அதன் கடுமையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே 3389-ஐ நேராக வெளியே திறப்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. 'எண்ணை மாற்றி 50,000 என்று வைத்தால் யாருக்குத் தெரியும்?' என்று சிலர் கேட்பார்கள். தட்டுகிறவர்களின் தொகை குறையும், அவ்வளவுதான். வாசலைப் பின்பக்கம் வைத்தால் திருடன் கண்டுபிடிக்க மாட்டானா? திறந்துதான் ஆகவேண்டுமென்றால் எஸ்.எஸ்.எச்.ஐக் கடவுச்சொல் இல்லாமல் சாவிக்கோப்போடு மட்டும் திறக்கும்படி அமைக்கலாம். அல்லது வயர்கார்ட் போன்ற வி.பி.என். வழியைத் திறக்கலாம், சரியான சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதன் வழியாக உள்ளே வந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் நுழைவுச் சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

இந்தக் கணினிக்குள் இருப்பது என்ன என்று மறுபடி நினைத்துப் பாருங்கள். தகப்பனார் முப்பது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் உழைத்த சேமநிதியின் விவரம் அதில் இருக்கிறது. அடையாள அட்டையின் படம் இருக்கிறது. இவை பிறர் கையில் போனால் இழப்பு கணினியோடு நிற்காது.

கதவை உடைக்காமல், நம் கையாலேயே திறக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் கோளாறு, சரிசெய்து தருகிறோம், இந்த நிரலைப் போடுங்கள், திரையில் தெரியும் எண்ணைச் சொல்லுங்கள் என்பார்கள். நடுவர் முறையில் வேலை செய்யும் அதே நல்ல நிரல்களைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும்: கணினிக்குள் வர மகள் யாரிடமும் எண் கேட்டு அனுப்ப மாட்டாள், கேட்கிறவர் யாராயிருந்தாலும் போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டதென்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பின் ஒரு தாயார் கேட்கக்கூடும்: ஒரே ஒரு பத்திரத்துக்காக இத்தனை பாடு எதற்கு? நியாயமான கேள்வி. பத்திரங்கள் மட்டுமே வேண்டுமென்றால், அவற்றைப் பூட்டிய கோப்பாக்கி இணையச் சேமிப்பில் ஒரு நகலும், ஒரு சிறு நினைவுக் குச்சியில் மகளிடம் ஒரு நகலும் வைத்துவிடலாம். கணினியைத் திறக்கவே வேண்டாம். கோயில் கணக்கைத் தினமும் எழுத வேண்டும், தம்பிக்குப் பாடத்தில் திரையைப் பார்த்தே உதவ வேண்டும், வீட்டு வாசல் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த வழி. கேமரா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலிவான கேமராக்கள் பல, வாங்கும்போது இருந்த நுழைவுச் சொல்லோடேயே மாட்டப்படுகின்றன. அவற்றுக்கு நேராகத் துறை திறந்து வைப்பது ஊருக்கே சன்னலைத் திறந்து வைப்பதாகும்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் நாளிலேயே செய்யுங்கள். இரண்டு முகவரிகளும் ஒன்றா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கைப்பேசி இணையத்திலிருந்து சோதித்து, வேலை செய்கிறது என்று கண்டபின் ஊருக்குப் புறப்படுங்கள். உள்முகவரி, துறை எண், எந்தப் பெட்டியில் என்ன மாற்றினோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம். மின்சாரம் போய்வந்தால் எந்த விளக்கு எரியவேண்டும் என்று அப்பாவிடமும் தம்பியிடமும் காட்டிவிட்டுப் போங்கள். வழி இனித் தேவையில்லை என்ற நாளில், ரௌட்டரில் எழுதிய உத்தரவை அழித்துவிடுங்கள். கணினியை விற்ற பிறகும் உத்தரவு அப்படியே இருந்தால், அதே எண்ணில் அடுத்து வந்து அமரும் கருவிக்குத்தான் வெளியார் தட்டும் தட்டெல்லாம் போய்ச் சேரும்.